ஒரே துணியில் தைத்த நான்கு உறைகள்

சத்தியக்காவிடம் யார் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும், வாங்குவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். வேத நூலாக இருந்தால் பக்தி என்று சொல்லிவிடலாம். தொலைபேசி எண் புத்தகம், தையல் மெஷினோடு வந்த கையேடு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கணக்கு நோட்டு, எதுவானாலும் அதே துடைப்புதான். முப்பத்தைந்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவரான தையல்காரர். கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

"மெஷின் கையேட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு மரியாதை? எண்ணெய் எங்க விடணும்னுதான் அதுல இருக்கு."

"கைக்கு அதெல்லாம் தெரியாதுங்க. ஒரு புத்தகத்துக்குத் துடைச்சு இன்னொண்ணுக்கு விட்டா, பழக்கமே வராது."

சத்தியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைப்பது அவர் வேலை. முப்பத்தொரு வருஷம் அதே வேலை, அதே இரண்டாம் மாடி, அதே தேக்குத் தட்டு. காவலர்கள், வக்கீல்கள், மாடிப்படியில் தேநீர் விற்கிறவர் எல்லோரும் சத்தியக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் ரேஷன் கடையில்கூட அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வேலை பார்க்கச் சின்னதாகத் தெரியும். சாட்சி கூண்டில் ஏறியதும் கையில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் இரண்டு வரி அச்சிட்டிருக்கும். 'கடவுள் அறியச் சொல்கிறேன்' என்பது ஒரு வரி. 'உளமார உறுதி கூறுகிறேன்' என்பது இன்னொன்று. நாட்டை உண்டாக்கியவர்கள் சாசனம் எழுத உட்கார்ந்தபோது இந்த இரண்டு வரிக்காக எத்தனை நாள் சண்டை போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இருக்கிறது. கடவுளை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒரே கூண்டு, ஒரே உயரம். ஒருவர் எந்த மதம் என்று அரசாங்கம் கேட்கக் கூடாது. இதெல்லாம் எழுதுவது சுலபம். காலை பத்தரை மணிக்கு, நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிற ஒருவரிடம், மதத்தைக் கேட்காமல் சரியான புத்தகத்தை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று சாசனத்தில் எழுதவில்லை. அதை சத்தியக்காதான் கண்டுபிடித்தார். நடைபாதை பெஞ்சில் காத்திருக்கும் சாட்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்பார்:

"எது கையில இருந்தா உங்களுக்குப் பேச வரும்?"

அவ்வளவுதான். பெயரை வைத்தோ உடையை வைத்தோ அவர் ஒருநாளும் ஊகித்ததில்லை.

அந்தக் கேள்வியின் அருமை தையல்காரருக்குத் தெரியும். ஏனென்றால் அவர்கள் இருவரும் வேறு வேறு மதத்தில் பிறந்தவர்கள். சத்தியக்கா தன் மதத்தை விடவில்லை, காலையும் மாலையும் கண்ணை மூடி உட்காருவார். தையல்காரர் தன்னுடையதை இருபது வயதிலேயே பழைய சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டார். கல்யாணம் என்றதும் இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர் பெயர், வயது, முகவரி மூன்றை மட்டும் கேட்டார். கையெழுத்து வாங்கினார். தலையைக்கூடத் தூக்காமல், "அடுத்தவங்க வாங்க" என்றார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஆசீர்வாதம் அந்த 'அடுத்தவங்க வாங்க'தான் என்று தையல்காரர் சொல்வார். அவர் ஆசீர்வாதம் என்ற சொல்லைப் பயன்படுத்துவது அந்த ஓர் இடத்தில் மட்டும்.

உறைகள் வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ஏதோ தெருச் சண்டை வழக்கு, இரண்டு பக்கமும் ஆட்கள் பின்வரிசையில் நிரம்பி உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வந்த ஓர் இளம்பெண் கையில் புத்தகத்தை வாங்கியதும், அதன் அட்டையைப் பார்த்துப் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பெண்ணின் குரல் அப்போது உள்ளே போனதுதான். நீதிபதி மூன்று முறை சொல்லியும் வெளியே வரவில்லை. அன்று மாலை சத்தியக்கா தையல் கடைக்கே நேராக வந்துவிட்டார்.

"என்னங்க, உள்ளங்கை அளவுல நாலு புத்தகம். நாலுக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி உறை தைக்க முடியுமா? வெளியிலிருந்து பாத்தா எது எதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"நாலா? உங்க தட்டுல மூணு வேதம்தானே?"

"நாலாவது சாசனம். சாமி இல்லாதவங்க வெறுங்கையா நிக்கறாங்க. பாக்கவே சங்கடமா இருக்கு."

"அட, எங்க கட்சிக்கும் ஒண்ணா! எனக்காகத்தானே?"

"உங்களுக்கு எதுக்கு? உங்களை எந்தக் கோர்ட்டு கூப்பிடப் போகுது? நீங்க பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

பள்ளிக்கூடப் பை தைத்ததில் மிஞ்சிய கருநீலக் கெட்டித் துணி இருந்தது. தையல்காரர் அளவெடுத்து, மெலிந்த புத்தகத்துக்கு உள்ளே அட்டை வைத்துத் தடிமனைச் சரிக்கட்டி, நான்கையும் ஒரே மாதிரி தைத்துக் கொடுத்தார். அப்போதிருந்த நீதிபதி சம்மதித்தார். பெயரைக் கேட்டாலே பாதிப் பேருடைய மதம் தெரிந்துவிடுமே, உறையால் என்ன பயன் என்று ஒரு வக்கீல் கேட்டாராம். "தெரியறது தெரியட்டும் சார். நாம ஏன் தூக்கிக் காட்டணும்?" என்றாராம் சத்தியக்கா.

தையல்காரருக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த உறைகளில் இருந்தது. சத்தியக்கா பிறகு ஊசியும் நூலும் எடுத்து, உள்மடிப்பில் தன் கையாலேயே சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சாசனத்தின் உறையில் முடிச்சே கிடையாது. கட்டைவிரலால் தடவினால் போதும், எது எதுவென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாதம் ஒருமுறை துவைப்பதற்காக உறைகளை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். புத்தகங்கள் நீதிமன்ற அலமாரியிலேயே இருக்கும். அந்த சனி, ஞாயிறு முழுக்க சத்தியக்கா எழுந்திருக்கவில்லை. தையல்காரரே உறைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினார். திங்கட்கிழமை, "இன்னிக்குப் பதினோரு சாட்சி இருக்கு" என்று சத்தியக்கா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார். தையல்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, இரண்டு மாடி கைத்தாங்கலாக ஏற்றினார். பதிவறையில் சத்தியக்கா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ உக்காரு. உறையை நான் மாட்டிடறேன். தைச்சவனுக்கு மாட்டத் தெரியாதா?"

"பாத்து மாட்டுங்க."

"எல்லாம் ஒரே அளவுதானே."

நான்கு புத்தகம், நான்கு உறை. கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் மாட்டினார். இரண்டு நிமிஷ வேலை. திருப்தியோடு கடைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை ஓர் உறையின் மடிப்பு கழன்றிருந்ததைச் சரிசெய்ய சத்தியக்கா அதைத் திறந்தார். இரண்டு முடிச்சு உறைக்குள் ஒரு முடிச்சுப் புத்தகம் இருந்தது. மற்றதையும் திறந்தார். நான்கும் இடம் மாறியிருந்தன. மூன்று நாள். வந்தவர்களில் நிறையப் பேர் காவலர்களும் அரசு ஊழியர்களும்தான். அவர்கள் எதையும் கையில் வாங்காமல் அட்டையைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறவர்கள். ஆனால் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து, இதுதான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கியவர்கள். அந்த ஐந்து பேரும் கேட்டதல்லாத வேறொன்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தலைமை எழுத்தர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். "அக்கா, மாத்திப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். "எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இருக்கறது நாலு மாசம். வக்கீலுங்க காதுல விழுந்தா உங்களை மட்டுமில்ல, இந்த உறையையே கிழிச்சுப் போட்டுடுவாங்க."

சத்தியக்கா உறைகளைச் சரியாக மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். முடிச்சு முதல் எல்லாவற்றையும் தையல்காரரிடம் சொன்னார். அவர் முதலில் சமாளித்துத்தான் பார்த்தார்.

"இதுல என்னம்மா இருக்கு? எல்லாம் ஒண்ணுதானே. நீயே சொல்லுவியே, சாமி ஒண்ணுன்னு."

"நான் சொல்லலாம். சர்க்கார் தட்டு சொல்லக் கூடாது."

"சரி, தப்பு என்னுது. நானே வந்து சொல்லிடறேன்."

"நீங்க யாருங்க? தட்டு என் கையில இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. நாளைக்கு என்கூட வாங்க, ஆனா வாயைத் திறக்காதீங்க."

மறுநாள் நீதிபதியின் அறையில் சத்தியக்கா நடந்ததை அப்படியே சொன்னார். யார் மாட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. உறைகள் மாறிவிட்டன, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றார். நீதிபதி அவரைவிட இருபது வயது இளைய பெண்மணி. கதவோரம் நின்றவரைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்ம்மா. உறை தைச்சவர்."

"மாட்டினவனும் நான்தாங்க" என்றார் தையல்காரர். சத்தியக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் துணி இருந்தால் பொசுங்கியிருக்கும்.

நீதிபதி சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சத்தியம் செய்த முறையில் பிழை இருந்தால் சாட்சியம் கெட்டுவிடாது என்று பிரிவு இருக்கிறது என்றார். "சட்டப்படி எதுவும் ஆகலை. ரெண்டு பக்க வக்கீலுக்கும் எழுத்துல சொல்லிடறேன். நீங்க நிம்மதியா போகலாம்."

"சட்டத்துக்கு ஆகலை. சரிங்கம்மா. அவங்களுக்கு?"

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அஞ்சு பேரும் என்னை நம்பிக் கையை நீட்டினாங்க. நேர்ல போய்ச் சொல்ல அனுமதி கொடுங்கம்மா."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "போங்க. வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மறுபடி சத்தியம் செய்யணும்னு யார் கேட்டாலும் வரச் சொல்லுங்க. ஆனா அதுவரைக்கும் உறை வேண்டாம், கழட்டி வச்சிடுங்க. அஞ்சு பேரும் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. உறை இருக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்றேன்."

வெளியே வந்ததும் தலைமை எழுத்தர் பெருமூச்சு விட்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." சத்தியக்கா முகம் வாடிப் படியிறங்கினார். தையல்காரருக்குப் புரிந்தது. தன் வேலை போயிருந்தால்கூட அவர் இவ்வளவு வாடியிருக்க மாட்டார். உறை போனால், குரல் உள்ளே போன அந்த இளம்பெண்ணைப் போல இன்னும் எத்தனை பேர் கூண்டில் ஊமையாக நிற்பார்களோ?

சனிக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். முதல் ஆள் லாரி ஓட்டுநர். டயரை மாற்றிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அக்கா, நான் புத்தகத்தையா பாத்தேன்? எதிர்ப்பக்கத்து வக்கீல் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தேன். நான் சொன்னது நிஜம். அதைச் செங்கல்லைப் பிடிச்சுக்கிட்டும் சொல்லுவேன். இதுக்குப் போய் வெயில்ல வந்தீங்களா? உக்காருங்க, தேநீர் சொல்றேன்."

தையல்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா? நான் சொன்னேன்ல" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அந்தத் தெம்பு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரின் வாசல்வரைதான்.

ஆசிரியர் உட்காரச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் அவர் முகம் சிவந்தது. "எழுபது வயசு எனக்கு. இந்தக் கையால என் வேதத்தைத் தவிர வேற எதையும் வச்சுச் சத்தியம் பண்ணினதில்லை. நான் எதைப் பிடிச்சிருந்தேன்?"

சத்தியக்கா சொன்னார்.

ஆசிரியர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் தையல்காரர் வாயைத் திறந்தார். "சார், மன்னிச்சுக்குங்க. ஆனா யோசிச்சுப் பாத்தா எல்லாம் ஒண்ணுதானே சார்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல் வேலை சார்."

"ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டு, எல்லாம் துணிதானேன்னு சொல்லுவீங்களா?"

தையல்காரர் ஒரு படி பின்னால் தள்ளி நின்றார்.

"அவங்க வேதத்தை நான் குறைவாச் சொல்லலை" என்றார் ஆசிரியர், இப்போது தணிந்த குரலில். "அது அவங்களோடது. இது என்னோடது. நான் வந்து மறுபடி சத்தியம் பண்றேன். உறையைத் தூக்கிப் போடுங்க. திறந்து காட்டி, கண்ணால பாத்த பிறகுதான் தொடுவேன்."

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் கையெல்லாம் மாவோடு பின்வாசலுக்கு வந்தாள். நடந்ததைக் கேட்டதைவிட, உறையைக் கழற்றிவிட்டார்கள் என்பதைக் கேட்டுத்தான் அதிர்ந்தாள்.

"ஐயோ, அதை எடுத்துடாதீங்கக்கா. அன்னிக்கு எங்க கட்டடத்து ஆளுங்க எல்லாம் பின்னால உக்காந்திருந்தாங்க. என் பேரை வச்சு என்னை அவங்க ஆளுன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் கல்யாணத்துக்கு அப்புறம் மதம் மாறினது வீட்டுக்காரருக்கும் எனக்கும்தான் தெரியும். உறை இல்லேன்னா நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்."

"ஆனா உன் கையில தப்பான புத்தகத்தைக் கொடுத்துட்டேனேம்மா."

"என் சாமிக்குத் தெரியும் நான் எதைக் கேட்டேன்னு. அவர் கோவிச்சுக்க மாட்டார். நீங்க உறையைக் காப்பாத்துங்க." உள்ளே போய்ச் சூடாக இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கையில் திணித்தாள்.

நான்காவது ஆள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 'உளமார' என்று சொல்லி, சாசனத்தைக் கேட்டு வாங்கியவர். 'இது நம்ம ஆள், இங்கே பிரச்சினை வராது' என்று தையல்காரர் நினைத்தார். மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே முகத்தில் ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப நான் பிடிச்சிருந்தது ஒரு வேதமா?" என்றார். சுவரில் மாட்டியிருந்த யாருடைய விலா எலும்புப் படத்தையோ பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுல நான் ஒருத்திதான் இப்படி. எந்த விசேஷம்னாலும், 'நீதான் நம்பறதில்லையே, தள்ளி நில்லு'ம்பாங்க. பழகிடுச்சு. அன்னிக்கு நீங்க பெஞ்சுல உக்காந்து, உங்களுக்கும் ஒரு புத்தகம் இருக்கு, நாட்டோட புத்தகம்னு சொன்னீங்க. கூண்டுல அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப எனக்குக் கால் நடுங்கலை. கடைசியில அதுவும் என்னுது இல்லையா?"

தையல்காரரின் சிரிப்பு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் முகத்திலேயே தொங்கியது.

"நானும் வந்து மறுபடி சொல்லிடறேன்" என்றார் அந்தப் பெண். "உறை இருக்கட்டும்."

திரும்பி வரும்போது தையல்காரர் ஸ்கூட்டரை வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். எல்லாம் ஒன்று என்று சொல்வது பெருந்தன்மை என்றுதான் அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். மூன்று மதத்துக்காரர்களும் அடித்துக்கொள்ளும்போது, எதிலும் சேராமல் நின்று, எல்லாம் ஒன்றுதானப்பா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? ஆனால் தனக்கு எதுவும் வேண்டாம் என்பதால், யாருக்கும் எதுவும் முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிட்டாரா? நான்கையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்றுதான் மனைவி உறை கேட்டாள். நான்கும் ஒன்று என்று அவள் சொல்லவே இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம், உறை தைத்த கைக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

"ஏம்மா, உள்ள முடிச்சு போட்டிருக்கேன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேலி பண்ணுவீங்கன்னுதான்" என்றார் சத்தியக்கா. "அது என் தப்பு." பிறகு, "ரொட்டி ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றார்.

திங்கட்கிழமை நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒருவருக்கு உறை கூடாது, இருவருக்கு வேண்டும், ஒருவருக்குச் செங்கல் போதும், ஐந்தாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. சத்தியக்காவிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆசிரியர் சொன்னதுல நியாயம் இருக்கும்மா. அந்த ரொட்டிப் பொண்ணு சொன்னதுலயும் இருக்கு. வெளியில பெஞ்சுலயே உறையைத் திறந்து, அவங்க கண்ணால பாத்துக்கட்டும். அவங்க கையாலயே மூடட்டும். உள்ள வந்த பிறகு யாருக்கும் தெரிய வேண்டாம்."

அன்றிலிருந்து அதுவே முறை ஆனது. விளையாட்டு ஆசிரியர்தான் அந்த முறையில் முதலில் சத்தியம் செய்தவர். பெஞ்சில் உட்கார்ந்து, உறையைத் திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து ஏதோ சொல்லி, தானே மூடினார். போகும்போது தையல்காரரிடம், "தையல் நல்லா இருக்குய்யா. கோணல் இல்லை" என்றார். எக்ஸ்ரே எடுக்கும் பெண் சாசனத்தின் முதல் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மூடினார். வக்கீல்கள் காத்திருந்தார்கள். சத்தியக்கா அவசரப்படுத்தவில்லை.

நான்கு மாதம் கழித்து ஓய்வு பெற்ற நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தட்டையும் சாவியையும் புதிதாக வந்தவளிடம் கொடுத்தார், முடிச்சுகளைத் தடவிக் காட்டினார். தலைமை எழுத்தர், "இனிமே இந்த மாடியில உண்மை பேச யாரும் இல்லை" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவர்களுக்குக் கல்யாணம் பதிவான அலுவலகம் இருந்தது. தையல்காரர் வண்டியை மெதுவாக்கினார். வாசலில் ஒரு ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றது. "போங்க, போங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சத்தியக்கா ஸ்கூட்டரிலிருந்தே சத்தமாகச் சொன்னார். தையல்காரருக்குச் சிரிப்பில் வண்டி ஆடியது.

ஐந்தாவது ஆள் மட்டும் பாக்கி.

அவர் கட்டடங்களில் தரைக்கு மெருகு போடுகிறவர். அவர் கொடுத்த முகவரி ஒரு கட்டட வேலைத் தளம். அவர்கள் தேடிப் போனபோது கட்டடம் முடிந்து, தரை கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் இல்லை. ஐந்து பேரில் சத்தியக்காவை உறங்கவிடாமல் செய்தவர் அவர்தான். மற்றவர்கள் புத்தகத்தைப் பிடித்தார்கள். அவர் உறையோடு அதைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு கூண்டிலிருந்து இறங்கும்போது, "தாயி, என் வேதத்தை நான் கையில தொட்டது இதான் முதல் தடவை. எனக்குப் படிக்கத் தெரியாது, யாரும் கொடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தொட்டது அவருடைய வேதம் இல்லை.

சத்தியக்கா ஓய்வு பெற்ற பிறகும் தேடினார். மேஸ்திரிகளைக் கேட்டார், தளத்துக் காவல்காரர்களைக் கேட்டார். வடக்கே போயிருக்கிறார் என்றார் ஒருவர். துறைமுகப் பக்கம் பார்த்தேன் என்றார் இன்னொருவர். இரண்டு இடத்துக்கும் போனார்கள். கிடைத்தால் என்ன செய்வாய் என்று தையல்காரர் கேட்டார். "உண்மையைச் சொல்லுவேன். சொல்லிட்டு, அவரோட புத்தகத்தை அவர் கையில வைப்பேன். அந்த முதல் தடவையை நாம எடுத்துக்கிட்டோமே" என்றார் சத்தியக்கா.

இரண்டாவது வருஷம் நோய் வந்தது, நீண்ட நாள் வைத்திருக்கவில்லை. சத்தியக்கா கும்பிட்ட முறைப்படியே எல்லாம் நடக்க வேண்டும் என்று தையல்காரர் சொல்லிவிட்டார். சாத்திய கதவைத் திறந்துகொண்டு சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள். பிரார்த்தனை முழுக்க அவர் தலைகுனிந்து நின்றார். உதட்டை மட்டும் அசைக்கவில்லை. அசைத்தால் அவளே திட்டுவாள் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் மனத்தில் இருந்தது துக்கத்தைவிட நன்றிதான் என்று பிறகு சொன்னார். இப்படி ஒருத்தியோடு முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருக்க, யாரும் எதையும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஒரு நாடு வாய்த்ததே என்ற நன்றி.

கடைசி வாரம் சத்தியக்கா அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரர் கடையைத் திறப்பதில்லை. எங்கே புதுக் கட்டடம் எழுகிறதோ அங்கே போகிறார். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்று, தரைக்கு மெருகு போட யார் வருகிறார்கள் என்று விசாரிக்கிறார். பைக்குள் தாள் சுற்றிய ஒரு புத்தகம் இருக்கிறது. அவர் நம்பாத மதத்தினுடையது, அவர் மனைவியும் நம்பாத மதத்தினுடையது. "ஐயா, மாட்டினது நான்தான்" என்று தொடங்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு மேஸ்திரி, அந்த ஆள் இங்கேதான் இருந்தார், வேலை முடிந்து மூன்று நாளுக்கு முன்னால்தான் கிளம்பினார், எங்கே என்று சொல்லவில்லை என்றார்.